குமரி மாவட்டத்திலிருந்து ஒரு ராக் ஆல்பம்: முதல் ஆல்பத்தை நீங்களே வெளியிட ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ தக்கலையிலோ நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறீர்கள். சொந்தப் பாட்டு ஏழெட்டு தேறியிருக்கிறது. கல்லூரி விழாவில் வாசித்தபோது ஆட்கள் எழுந்து நின்று கேட்டார்கள். அடுத்து ஆல்பம்தான். அதற்காக எந்த இசைக் கம்பெனிக்கும் காத்திருக்க வேண்டாம். பாட்டைப் பதிவு செய்வது, தனித்தனியாகப் பதிந்த சத்தங்களை ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்வது, அட்டைப்படம், வெளியீடு, விற்பனை என்று எல்லாவற்றையும் பேண்டே கையில் எடுத்துக்கொள்ளலாம்.

வணிகப் பாணியிலிருந்து விலகி நிற்கும் ஆல்டர்நேட்டிவ் ராக்குக்கு இது பழகின வழி. அமெரிக்காவின் 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா' பேண்டு 2005-இல் தன் முதல் ஆல்பத்தைக் கம்பெனி இல்லாமல் தானே வெளியிட்டது. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்து 'அவியல்' பேண்டு மலையாளத்திலேயே ஆல்டர்நேட்டிவ் ராக் பாடி 2008-இல் ஆல்பம் கொண்டுவந்தது. அது கம்பெனி வழியாக வந்தது என்றாலும், வீட்டில் பேசும் மொழியில் இந்த இசை நிற்கும் என்பதற்கு அது போதும்.

புதியவர்கள் முதலில் கேட்பது எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்றுதான். அதற்கும் வருவோம். ஆனால் ஆல்பம் நன்றாக வருமா வராதா என்பது பெரும்பாலும் ரெக்கார்டிங் தொடங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பாட்டு எவ்வளவு பழகியிருக்கிறது, எந்த மாதத்தில் பதிவு செய்கிறீர்கள், எந்த அறையில், கரண்ட் எப்படி என்பதெல்லாம் மைக்கைவிடப் பெரிய விஷயங்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றித்தான்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது

பன்னிரண்டு பாட்டு இருந்தால் பன்னிரண்டையும் போட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். ஏழு பாட்டு இருந்தாலே, அல்லது மொத்தம் 30 நிமிடத்தைத் தாண்டினாலே, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்கள் அதை ஆல்பம் என்று எடுத்துக்கொள்ளும். எட்டு பாட்டு, 35 நிமிடம் என்பது முதல் ஆல்பத்துக்கு நல்ல அளவு. மிச்சத்தை அடுத்ததற்கு வையுங்கள்.

ஒரு பாட்டு தயாரா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒத்திகை அறையின் நடுவில் ஒரு போனை வைத்து முழுப் பாட்டையும் பதிவு செய்யுங்கள். மறுநாள் டிரம்ஸையும் பேஸ் கிடாரையும் மட்டும் கவனித்துக் கேளுங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தில் பேஸ் விழவில்லை என்றால் அந்தப் பாட்டு இன்னும் தயாராகவில்லை. பாடகர் இல்லாமல், கிடார் இல்லாமல், டிரம்மரும் பேஸிஸ்டும் மட்டும் உட்கார்ந்து அதை வாசித்துப் பழகட்டும். ராக்கில் பாதி வேலை அந்த இரண்டு பேர் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வேகம், சுருதி, எத்தனை தடவை பல்லவி, எங்கே நிறுத்தம் என்று எழுதி நால்வரும் ஒத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மெட்ரோனோம் என்ற தாளக் கருவியில் முடிவு செய்யுங்கள். மேடையில் உற்சாகத்தில் வாசிக்கும் வேகம் பதிவில் கேட்கும்போது ஓடுகிற மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று பீட் குறைத்து வாசித்துப் பாருங்கள்.

பாடும் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பேச்சில் ஒரு இழுப்பும் ஏற்ற இறக்கமும் இருக்கிறது. மைக் முன்னால் போனதும் பலர் அதை மறைத்துவிட்டுச் சினிமாப் பாட்டு உச்சரிப்புக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த மண் இது. கதையைப் பேச்சும் பாட்டுமாகச் சொல்லி ஒரு ராத்திரி முழுக்கக் கூட்டத்தை உட்கார வைத்தவர்கள் இந்தப் பேச்சில்தான் பாடினார்கள். அது ராக்குக்கும் பொருந்தும்.

காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று கேட்காதீர்கள். நண்பர்களாகவே இருப்பதற்குத்தான். பாட்டு வரி யாருடையது, மெட்டு யாருடையது, பதிவுக்கு யார் எவ்வளவு பணம் போடுகிறார்கள், வரும் காசு எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒலிப்பதிவின் உரிமை, அதை எடுக்கும் பொறுப்பை ஏற்ற தயாரிப்பாளருக்குப் போகும். நீங்கள் எழுதி வைக்காவிட்டால், பணம் போட்ட ஒரு நண்பர் மட்டும்தான் தயாரிப்பாளர் என்று பின்னால் பேச்சு வரலாம். பேண்டின் பெயர் சட்டத்தின் கண்ணில் ஒரு ஆள் கிடையாது. அதனால் தாளில் நால்வரின் பெயரும் இருக்கட்டும். உரிமை கிடைக்கப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்று இல்லை, பாட்டு உருவானவுடனே அது உங்களுடையது. ஆனாலும் தேதி போட்ட டெமோக்களையும் வரிகளையும் பத்திரமாக வையுங்கள்.

மற்றவர் பாட்டை மாற்றி வாசிக்கும் கவர் எதுவும் முதல் ஆல்பத்தில் வேண்டாம். அனுமதி வாங்கும் வேலை உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். ஒரு சிங்காரி மேளக் குழுவையோ வில்லுப்பாட்டுக் கலைஞரையோ வாசிக்க வைத்தால், முன்கூட்டியே பேசி, சம்பளம் கொடுத்து, ஆல்பத்தில் பெயர் போடுங்கள். அவர்கள் வாசித்ததைத் திருவிழாவில் போனில் பிடித்துப் பாட்டில் சேர்ப்பது தப்பு.

எந்த மாதம்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்கு. ஓட்டு வீட்டிலோ தகர ஷீட் போட்ட மாடியிலோ மழை விழுந்தால் டிரம்ஸுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கில் வேறு எதுவும் கேட்காது. மழை நின்றாலும் ராத்திரி முழுக்கத் தவளை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் அடிக்கிற காற்றில் ஜன்னல் கதவே தாளம் போடும். காற்றாலைகளை அங்கே நட்டதற்குக் காரணமே அந்தக் காற்றுதானே.

அடுத்தது திருவிழா. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தொடங்கி டிசம்பர் 3-ஐ ஒட்டி முடியும். கிறிஸ்துமஸ் வரை ஊரெல்லாம் கேரல். மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, சித்திரை வைகாசியில் ஊர் ஊராகக் கொடை. குழாய் ஸ்பீக்கர் சத்தம் ஒரு பக்கம்; உங்கள் டிரம்மரும் கீபோர்டு வாசிப்பவரும் கோயில் பாடகர் குழுவில் இருந்தால் டிசம்பரில் அவர்களைப் பிடிக்கவே முடியாது என்பது இன்னொரு பக்கம். சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் வாடகைக்கு ஒரு மைக் ஸ்டாண்டு கூட அப்போது மிஞ்சாது.

ஆக, பொங்கல் கழிந்து மாசி பிறப்பதற்குள் உள்ள நாலு வாரம்தான் பொன்னான காலம். வெயிலும் ஏறியிருக்காது, மழையும் இல்லை, ஊரும் கொஞ்சம் அடங்கியிருக்கும். டிரம்ஸ் பதிவையாவது அதற்குள் முடித்துவிடுங்கள்.

அறையும் கரண்டும்

டைல்ஸ் போட்ட கான்கிரீட் அறையில் கையைத் தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று ஒரு எதிரொலி வரும். அது பதிவில் அப்படியே உட்கார்ந்துவிடும், எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. இலவம்பஞ்சு மெத்தைகள் இதற்கு நல்ல மருந்து. இரண்டு மெத்தையைச் சுவரில் நிறுத்தி வையுங்கள், மூலைகளில் இன்னும் இரண்டு. தரையில் கயிற்றுப் பாய் அல்லது கனமான கம்பளம். முட்டை அட்டையை ஒட்டுவதில் பலன் இல்லை. மர மச்சு உள்ள பழைய வீடு யாருக்காவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த மரமும் ஒழுங்கில்லாத சுவர்களும் டிரம்ஸுக்கு அழகான சத்தம் கொடுக்கும்.

கரண்ட் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்று அடித்தால் உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டேப் ஒட்டிச் சமாளிக்கிற காரியம் கிடையாது, உயிர் போகும். சத்தத்தில் கீழே 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல சமயம் அதோடு போய்விடும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) அலறும். கரண்ட் போனால் அன்றைக்குக் கிடார் வேலையை நிறுத்திவிட்டுப் பாட்டு வரி திருத்துங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முட்டம், குளச்சல், கன்னியாகுமரி உப்புக் காற்றில் கிடார் கம்பி சீக்கிரம் துருவேறும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதுக் கம்பி போட்ட அன்றே பதிவு செய்யாதீர்கள், ஒரு நாள் இழுத்து வாசித்தால்தான் சுருதியில் நிற்கும்.

பதிவு செய்வது

இரண்டு மைக் போடும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிடாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன். கிடாருக்கும் குரலுக்கும் இது போதும். ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நின்றால் நிம்மதி. சிவப்பு விளக்கு எரிகிற அளவுக்கு ஏற்றிப் பதிவு செய்தால் அந்தக் கிழிசலைத் திருத்த வழியில்லை.

டிரம்ஸுக்கு இது போதாது, குறைந்தது நாலு மைக் வேண்டும். பணம் ஒரே ஒரு இடத்தில்தான் செலவழிக்க முடியும் என்றால் அதை டிரம்ஸில் போடுங்கள் என்பேன். நாகர்கோவிலிலோ, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருவனந்தபுரத்திலோ ஒரு ஸ்டுடியோவை ஓரிரு நாள் எடுத்து எட்டுப் பாட்டின் டிரம்ஸையும் முடித்துவிட்டு, மிச்சத்தை வீட்டில் பார்க்கலாம்.

வீட்டிலேயே டிரம்ஸ் பதிவு செய்வதாக இருந்தால் கிளின் ஜான்ஸ் என்ற ஆங்கிலேய ஒலிப்பதிவாளரின் முறை இருக்கிறது. ஒரு மைக் கிக்குக்கு, ஒன்று டிரம்மரின் முன்னால் இருக்கும் சின்ன டிரம்மான ஸ்னேருக்கு. மூன்றாவதை ஸ்னேருக்கு நேர் மேலே ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நாலாவது ஃப்ளோர் டாமுக்கு (தரையில் காலூன்றி நிற்கும் டிரம்) வெளியே, ஸ்னேரைப் பார்த்தபடி. இதில் முக்கியம் தூரம். ஒரு சணல் கயிற்றின் முனையை ஸ்னேரின் நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மேல் மைக் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு நாலாவது மைக்கையும் தொட வேண்டும். விரலளவு தள்ளியிருந்தாலும் ஸ்டாண்டை நகர்த்துங்கள். இரண்டு மைக்குக்கும் சத்தம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் ஸ்னேர் நெஞ்சில் அடிக்கிற மாதிரி வரும். இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்று சப்பென்று ஆகிவிடும். டிரம்ஸுக்குப் புதுத் தோல் போட்டு, சுருதி பார்த்து, பெடலுக்கு எண்ணெய் விட்டுவிட்டு உட்காருங்கள். 'க்ரீச்' சத்தம் எல்லாப் பாட்டிலும் வந்துவிடும்.

கிடாருக்கு ஷூர் எஸ்.எம்.57 போன்ற ஒரு மைக்கை ஆம்பின் ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். கூம்பின் நடுவைப் பார்த்தால் சத்தம் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மங்கும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஹெட்போன் போட்டு மைக்கை மெல்ல நகர்த்தி இடம் பிடிக்கட்டும். மேடையில் வைக்கிற அளவுக்கு டிஸ்டார்ஷன் (கிடாரின் கரகரப்பு) வேண்டாம், பாதி போதும். ரிதம் கிடாரை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடதிலும் ஒன்றை வலதிலும் வையுங்கள். அதையே நகல் எடுத்து ஒட்டினால் அந்த அகலம் வராது. பேஸை நேரடியாக இன்டர்ஃபேஸில் கொடுத்தால் போதும்.

பாடகரின் குரலைப் பதிவு செய்ய நல்ல நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், தெரு அடங்கும் இரண்டு மணி நேரம். ஃபேனை அணைத்தாக வேண்டும். வியர்க்கும், ஆனால் ஃபேன் சத்தம் பாடகரின் மூச்சோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஒரு டேக், ஐந்து நிமிடம் காற்று, அடுத்த டேக் என்று போங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. முதல் வரியில் பிசிறு வந்தாலும் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பாடட்டும். நாலைந்து முழு டேக் இருந்தால் நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்க்கலாம். தொண்டை களைத்த பிறகு 'மக்கா, இன்னொண்ணு போவோம்' என்று யாரும் நெருக்காதீர்கள். நாளைக்குப் பாடலாம்.

மிக்ஸும் மாஸ்டரும்

பதிவு முடிந்ததும் ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு சின்னச் சத்தத்தில் வைத்து மிக்ஸ் செய்யத் தொடங்குங்கள். பெரிய சத்தத்தில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். பாட்டு வரி புரிகிறதா, ஸ்னேர் தெரிகிறதா, பேஸ் இருக்கிறதா என்று இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் போட்டு ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை கேளுங்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் போனில்தான் கேட்கப் போகிறார்கள்.

மிக்ஸை வெளியாளிடம் கொடுப்பதாக இருந்தால், எல்லாக் கோப்புகளும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்கட்டும். 'கிக்', 'ஸ்னேர்', 'கிடார் இடது' என்று பெயர் போட்டு வேவ் கோப்புகளாக அனுப்புங்கள்.

மிக்ஸ் முடிந்த பாட்டுகளின் சத்தத்தைக் கடைசியாகச் சீராக்குவதுதான் மாஸ்டரிங். அதைச் செய்பவர் நீங்கள் நால்வரில் ஒருவராக இல்லாமல் இருந்தால் நல்லது. புதுக் காது வேண்டும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) என்பதை ஒட்டிச் சமப்படுத்தித்தான் ஒலிக்க வைக்கிறது. அதனால் அளவுக்கு மீறி நசுக்கிச் சத்தம் ஏற்றினால் லாபம் எதுவும் கிடையாது, டிரம்ஸின் அடிதான் செத்துப்போகும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

தளங்களில் ஏற்றுவது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு நீங்கள் நேராகப் பாட்டைக் கொடுக்க முடியாது. விநியோக நிறுவனம் ஒன்று வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு ராயல்டியில் கை வைக்காது, ஆனால் சந்தாவை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடும். இறங்காமல் இருக்க ஆல்பத்துக்கென்று தனிக் கட்டணம் உண்டு. சிடி பேபி ஆல்பத்துக்கு ஒரு தடவை மட்டும் கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வருடா வருடம் ஞாபகமாகப் பணம் கட்ட ஒருவர் பேண்டில் இல்லை என்றால் இரண்டாவது வழிதான் சரி. அமெரிக்க நிறுவனங்கள் என்பதால் வரிப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். பான் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி என்ற 12 எழுத்து அடையாள எண் வேண்டும், அதை விநியோகிப்பவர்களே தருவார்கள். நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும். பேண்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரே தடவையில் முடிவு செய்து எங்கும் அதையே போடுங்கள். அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முன்பே தேடிப் பாருங்கள்.

அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரி, போன் எண் எதுவும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருவள்ளுவர் சிலையும் சூரிய உதயமும் சுற்றுலாக்காரர்களுக்கு இருக்கட்டும். உங்கள் பாட்டுக்குள் இருக்கிற ஒன்றைப் படமாக்குங்கள். ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையாக இருக்கலாம், வடசேரிப் பேருந்து நிலையத்தின் ஒரு மூலையாக இருக்கலாம்.

வெளியீட்டுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் கணக்கு வழியாக ஒரு பாட்டை அவர்களுடைய தொகுப்பாளர்களுக்குப் பரிந்துரைக்கலாம், அது குறைந்தது 7 நாளுக்கு முன் போய்ச்சேர வேண்டும். எட்டையும் ஒரே நாளில் கொட்டாமல், முதலில் இரண்டு பாட்டைச் சிங்கிளாக விட்டு, பிறகு முழு ஆல்பத்தை விடுவது நல்லது.

காசு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குப் பணமே கிடையாது. அதனால் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்திலும் ஒரு பக்கம் திறந்துகொள்ளுங்கள். அங்கே ரசிகர்கள் நேரடியாக வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் டி-ஷர்ட் போன்ற பொருட்களில் 10 சதவீதமும், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சம் உங்களுக்கு. பேபால் கணக்கு வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் இங்கேதான் கைகொடுப்பார்கள். வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் பாட்டு எழுதுபவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதும் நல்லது.

வெளியீட்டு நாள்

ஆடி மாதத்தில் கல்யாணம் குறைவு என்பதால் மண்டபங்கள் சும்மா கிடக்கும், வாடகையில் பேசிக் குறைக்கலாம். தவக்காலத்திலும் அப்படித்தான், ஆனால் அப்போது ராக் கச்சேரி வைத்தால் பாதி ஊர் வராது. தையில் பதிவு, பங்குனி சித்திரையில் மிக்ஸ், ஆடியில் வெளியீடு என்று கணக்கு வைத்தால் அவசரமே இருக்காது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள். சவுண்டு சர்வீஸ்காரரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து, இது கேரல் கச்சேரி மாதிரி இல்லை, கிக்கும் பேஸும் மேலே வர வேண்டும் என்று உங்கள் ஆல்பத்தையே போட்டுக் காட்டுங்கள்.

சிடி அடிக்காதீர்கள், கேட்க யாரிடமும் பிளேயர் இல்லை. அதற்குப் பதில் எட்டுப் பாட்டின் வரிகளையும் வாசித்தவர்கள் பெயரையும் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடியுங்கள், பின்னட்டையில் ஆல்பத்துக்குப் போகும் கியூ.ஆர் கட்டம். சிவகாசி ஒன்றும் ரொம்பத் தூரம் இல்லை, விலை விசாரித்துப் பாருங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, நம்பிக்கையான ஒருவரை உட்கார வைத்து, விற்றதை அங்கேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கணக்கை அந்த வாரமே நால்வரும் சேர்ந்து முடித்துவிடுங்கள்.

கடைசியாக, எல்லாப் பதிவுக் கோப்புகளையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். மழைக்கால ஈரம் அதையும் விடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இணைத்து ஓடுகிறதா என்று பாருங்கள்.